பதினொன்றாம் பாத்தியில் இரண்டு பூண்டு

வெர்ன்: இங்க பாரு நோரீன்... மறுபடியும் ஒண்ணு.

நோரீன்: என்ன ஒண்ணு?

வெர்ன்: பூண்டுப் பல்லு. எங்க தோண்டினாலும் வருது.

நோரீன்: ஹெல்காவோட பதினொன்னாம் பாத்தியை யாரு தோண்டச் சொன்னா உன்னை? பனி விழுறதுக்குள்ள நம்ம பொதுத் தோட்டத்துல எந்தெந்தப் பாத்தி சுத்தமாயிருக்குன்னு குறிக்கத்தானே வந்தோம்?

வெர்ன்: மேடு ரொம்ப உசரமா இருந்துச்சு... அதான். ஆகஸ்ட்ல இடுப்பெலும்பு முறிஞ்சவ, அக்டோபர்ல வந்து பூண்டு நட்டாளா?

நோரீன்: நட்டிருப்பா.

வெர்ன்: வாக்கரைத் தள்ளிக்கிட்டா?

நோரீன்: பிடிவாதக்காரி. சுத்தம்னு குறிச்சுக்கோ, அடுத்ததுக்குப் போவோம்.

வெர்ன்: இரு, இரு. கீழ காஞ்ச இலை, மேல வைக்கோல், அதுக்கு மேல மறுபடியும் இலை... ரெண்டு வரிசைக்கு நடுவுல இன்னொரு வரிசை. ஒரே ஆளு இப்படிக் குழப்புமா?

நோரீன்: எனக்கும் அதான் புரியல... அதாவது, எனக்கென்ன தெரியும்?

வெர்ன்: வேற யாராவது பண்ணியிருந்தா?

நோரீன்: விதி தெரியுமில்ல? நவம்பர் ஒண்ணுக்குள்ள பாத்திக்காரங்களே சுத்தம் பண்ணி, குளிருக்குத் தயார் பண்ணணும். இல்லேன்னா பாத்தி கேட்டுப் பட்டியல்ல காத்திருக்கிறவங்களுக்குப் போயிடும்.

வெர்ன்: நாளைக்கு நவம்பர் ஒண்ணு.

நோரீன்: தெரியும்.

வெர்ன்: கல்நெஞ்சுக்காரி நீ எழுதின விதி. தோட்டத்துக்குத் தலைவியம்மா வேற.

நோரீன்: கூட்டத்துல அதுக்கு முதல்ல கையைத் தூக்கினது யாராம்? அந்தப் பல்லைக் குடு... ஊதாத் தோல். இந்தத் தோட்டத்துல ஊதாப் பூண்டு வச்சிருக்கிறது ஒரே ஆளு.

வெர்ன்: அதை இப்படிக் குடு, மண்ணுக்குள்ளயே வச்சிடறேன்.

நோரீன்: வெர்ன்?

வெர்ன்: ஹெல்கா தினமும் போன்ல கேக்கிறா, 'என் பாத்தி இருக்கா'ன்னு. இருக்குன்னு சொல்லித் தொலைச்சிட்டேன்.

நோரீன்: பட்டியல்ல அடுத்த பேரு உன் மக கேரின். மூணு வருஷமா காத்திருக்கா.

வெர்ன்: அவகிட்ட மட்டும் சொல்லிடாத, தாயே. ஆனா... நான் நட்டது நாலே வரிசை. வைக்கோல் நான் போடவே இல்ல, இலை மட்டும்தான். நடுவுல இருக்கிற இந்த வெள்ளைத் தோல் பல்லெல்லாம் யாரோடது?

நோரீன்: 'ஹெல்காவே சுத்தம் பண்ணிட்டா'ன்னு எழுது.

வெர்ன்: பொய்யா? நீயா சொல்றே?

நோரீன்: எழுது. எழுதிட்டு, தோண்டின வெள்ளைப் பல்லையெல்லாம் எடுத்த எடத்துலயே வை. குனிஞ்சு குனிஞ்சு நட்டதுல எனக்கு முதுகே போச்சு.