பழைய கேபிளை விடச் சொன்னது நான்

பெயரும் விலாசமும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது ஐம்பத்து மூன்று. கணினி உதிரிபாகக் கடை நடத்தி, கடையின் மாடியிலேயே மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். தொழிலில் எல்லோரும் என்னை "மீட்டர்" என்றே கூப்பிடுவார்கள். அளந்து பார்க்காமல் எந்தச் சாமானையும் விற்க மாட்டேன் என்பதால் வந்த பெயர். என் மனைவியின் தம்பி பதினோரு வருஷமாக என்னிடம் டெக்னீஷியனாக இருக்கிறான். அவன்மேல் ஒலிப்பதிவாளர் ஒருவர் கொடுத்திருக்கும் புகார் சம்பந்தமாக, யாரும் கூப்பிடாமல் நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

அந்த ஒலிப்பதிவாளர் எங்கள் பழைய வாடிக்கைக்காரர். அவர் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. ஏழு மாதத்துக்கு முன் அந்த அம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய மூன்று வாரமும் அவர் தினம் மனைவியைப் பேசவும் படிக்கவும் வைத்துப் பதிவு செய்து, தன் கம்ப்யூட்டருக்குள் இருந்த இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஒன்றுக்கொன்று நகலாக வைத்திருந்தார். அந்தக் குரலைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கினால், அந்த அம்மா எழுதுவதை அது அவர் குரலிலேயே பேசும் என்றார். அதற்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும், கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் பழைய பவர் சப்ளை அந்தக் கார்டைத் தாங்காது என்பதால், இருப்பதிலேயே உசத்தியான ஒன்றைப் பார்த்துத் தரச் சொன்னார்.

அதன்பின் நான் ஒரு சாமானை வரவழைத்து இரண்டு நாள் சோதித்தேன். மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தேன். கெப்பாசிட்டர்கள் நல்ல ரகம், பற்றவைப்பு சுத்தம். முழுச் சுமை ஏற்றி நாலு மணி நேரம் ஓட்டியும் பன்னிரண்டு வோல்ட் இம்மி அசையவில்லை. விசிறிச் சத்தம் காதைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் கேட்டது. கேபிள்கள் எல்லாம் கழற்றி மாட்டும் வகை. தடித்த செம்பு, ஆனால் விறைப்பு. வளைத்துக் கட்டுவது பெரும்பாடு. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன். அந்தத் தாளில் எதுவும் பொய்யில்லை.

அதன்பின் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு நானும் மச்சினனும் அவர் வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா நோட்டில் எழுதிக் காட்டினார்: "சீக்கிரம் முடிங்க. இவரைக் கூப்பிடத் தட்டித் தட்டியே என் கை தேஞ்சுபோச்சு." எல்லோரும் சிரித்தோம்.

பழைய பவர் சப்ளையும் அதே கம்பெனிதான், ஆறு வருஷத்துக்கு முந்தைய மாடல். அதன் கேபிள்களைப் பெட்டியின் பின்பக்கம் வரிவரியாக இழுத்துக் கட்டியவன் நான். தலைவாரிப் பின்னியது மாதிரி இருக்கும். போட்டோ எடுத்துக் கடையில் மாட்டியிருக்கிறேன். மச்சினன் பவர் சப்ளையை மாற்றிவிட்டு, டிஸ்க்குகளுக்குப் போகும் கேபிளையும் மாற்றிவிடலாமா மாமா என்று கேட்டான். அந்தக் கட்டைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. "அதே கம்பெனிதானே, கச்சிதமா உக்காருதுல்ல, விடு" என்றேன். டிஸ்க் பக்கத்து முனை எல்லாக் கேபிளுக்கும் ஒன்றுதான். பவர் சப்ளை பக்கம் அப்படியில்லை. துளைகள் ஒரே வடிவமாக இருந்தாலும், எந்தத் துளையில் எத்தனை வோல்ட் என்பது மாடலுக்கு மாடல் மாறும். இது எனக்குத் தெரியாததல்ல. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடமே இதுதான். மீட்டர் என் பையில் இருந்தது. எடுத்து வைத்துப் பார்த்திருந்தால் அரை நிமிஷம்.

அதன்பின் நான் போடச் சொன்னதும் அவன் சுவிட்சைப் போட்டான். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரையும் வந்தது. அதோடு கருகல் வாடையும் வந்தது. ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்தில் பன்னிரண்டு போயிருக்கிறது. இரண்டு டிஸ்க்கும் ஒரே கேபிளில் இருந்தன. பவர் சப்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒலிப்பதிவாளர் "ரெண்டுமா?" என்று மட்டும் கேட்டார். வேறு நகல் இருக்கிறதா என்று நான் கேட்டதற்கு இல்லையென்று தலையசைத்தார். அந்நேரம் அந்த அம்மா எங்களுக்குத் தண்ணீர் கொண்டு வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு என்று நோட்டில் எழுதி நீட்டினார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். இருந்தும் அவர் கணவர் பேனாவை வாங்கி அதற்குக் கீழே எழுதினார். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. அந்த அம்மா படித்துவிட்டு, டம்ளரை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். குடித்தோம்.

அதன்பின் டிஸ்க்குகளை இரண்டு இடத்துக்கு அனுப்பிப் பார்த்தோம். எதுவும் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சுவிட்சைப் போட்டவன் என்று புகாரில் மச்சினன் பெயர் இருக்கிறது. நான் விடச் சொன்னதை அவன் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, அவன் அக்காவிடம்கூட. இன்று காலை நான் செருப்பு மாட்டும்போது, "போட்டது என் கைதானே மாமா, நீங்க எதுக்கு?" என்றான். நான் இறங்கி வந்துவிட்டேன். அவன் பெயரை அடித்து என் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும்.

புகார்தாரருக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஒன்றும் இல்லை. அந்த அம்மா ஆறு வருஷம் என்னிடம் போனில் பேசியிருக்கிறார். அந்தக் குரல் எப்படி இருந்தது என்று, டிஸ்க்குகள் திரும்பி வந்த இந்த நாலு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை.

எழுதியதை நானே படித்துப் பார்த்தேன். நான் சொன்னபடிதான் இருக்கிறது, கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை.

(கையொப்பம்)