பேரச் சொல்லாம தூக்க முடியாது

காலேஜுக்கு லேட்டுன்னு சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுல ஓடிப்போய் பஸ் ஏறினேன். சீட்டு இல்ல, கம்பியப் புடிச்சுத் தொங்கிட்டு நின்னேன். பக்கத்து சீட்டுல ரெண்டு அக்காங்க. பெரியவங்க சொன்னாங்க பாருங்க:

“நேத்து உன் அண்ணனக் கீழ போட்டுட்டேன் கமலா.”

லெக்சராவது ஒண்ணாவது, என் காது அங்கயே போயிடுச்சு.

“எப்படி அண்ணி?”

“கட்டில்லேருந்து சக்கர நாற்காலிக்கு மாத்தப் பழகுறேன்ல. பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டுத்தான் தொடணும்னாங்க ஆஸ்பத்திரி நர்ஸு மிஸ்ஸி. திடீர்னு தொட்டா, பட்டாளத்துல இருந்தப்ப போர்னியோ சண்டையில அவர் கால முடக்கின குண்டு ஞாபகம் வந்து உதறிடுறாரு. நான் ‘ஏங்க’ன்னேன். அரைத் தூக்கத்துல யாரையோ கூப்பிடுறேன்னு நெனச்சுட்டாரு. தொட்டதும் உதறிட்டாரு, ரெண்டு பேரும் விழுந்தோம்.”

“பேரச் சொல்ல வேண்டியதுதானே?”

“கட்டின புருசன் பேர எப்படிடி?”

“கீழ போடுறது மட்டும் மரியாதையா?”

“சிரிக்காத. இன்னைக்குச் சரியாத் தூக்கிக் காட்டலேன்னா அவர வீட்டுக்கு விட மாட்டாங்க.”

“அப்ப இங்கயே சொல்லிப் பழகுங்க. நானும் தூக்கக் கத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை நான் பாத்துக்கறேன், நீங்க வெளிய போய் அழுதுட்டோ சிரிச்சுட்டோ வாங்க லா.”

அந்தக்கா ஜன்னலப் பாத்து முணுமுணுத்தாங்க. “முருகையா.”

“எனக்கே கேக்கல அண்ணி.”

“முருகையா.”

கண்டக்டர் திரும்பிப் பாத்தாரு. முன்சீட்டு முழுக்கத் திரும்புச்சு. அந்தக்கா முந்தானைய இடுப்புல இழுத்துச் சொருகினாங்க.

“முருகையா, நான்தான். தூக்கப் போறேன்.”