இடது கையில் ஒரு வெட்டு

எனக்கு ரத்தம் என்றால் ஆகாது. காய் நறுக்கும்போது மனைவி விரலைக் கீறிக்கொண்டாலே நான் எழுந்து ஹாலுக்குப் போய்விடுவேன். இன்ஸ்பெக்டர் ஆன பிறகும் அது மாறவில்லை. தேசிங்கின் சட்டைத் துணி என் கையில் எப்படி வந்தது என்று விசாரணையில் கேட்டீர்கள் ஐயா. அதற்குப் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

தி.நகரில் நகைக்கடை அதிபர் சுயம்புலிங்கம் வீட்டில் கொள்ளை போனதும், காவலாளி கொலையானதும் உங்களுக்குத் தெரியும். டிவியில் எங்களைக் கிழித்துத் தோரணமாகத் தொங்கவிட்டார்கள். யாரையாவது பிடித்தாக வேண்டியிருந்தது. பட்டினப்பாக்கத்தில் மீன் வெட்டிக் கொடுக்கும் தேசிங்கு கிடைத்தான். அவன்தான் செய்தானா என்பது நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய விஷயம். அதில் நான் தலையிடவில்லை.

என்கவுன்டர் என்பது கண் இமைக்கும் நேரத்தில் எடுத்த முடிவு என்று பேட்டியில் சொன்னேன். அப்படிப்பட்ட முடிவுக்கு முன்வேலை அதிகம். கல்யாணத்துக்கு மண்டபம் பிடிப்பதுபோல ஆஸ்பத்திரியில் கட்டில் சொல்லி வைக்க வேண்டும். மேலதிகாரிகள் நலம் விசாரிக்க வரும்போது பக்கத்தில் ஆப்பிள் இருக்க வேண்டும். முக்கியமாக, எங்களில் ஒருவருக்கு இடது கையில் வெட்டு விழ வேண்டும். வலது கை கூடாது, சல்யூட் அடிக்க வேண்டுமே. வழக்கமாக ஏட்டு உமர் ஃபாரூக்தான் கையை நீட்டுவார். இந்தத் தடவை அவர் சட்டைக் கையை மடித்துக் காட்டினார்.

"சார், இதுல இனிமே எடமே இல்ல சார். போன தடவ போட்ட தையலே இன்னும் அரிக்குது."

பாவமாக இருந்தது. நான் இளகிய மனசுக்காரன். நானே வெட்டிக்கொள்கிறேன் என்றேன்.

பொழுது விடிந்ததும், நகையைப் புதைத்த இடத்தைக் காட்ட அவனே அழைத்ததாக வைத்துக்கொண்டு, கடற்கரையில் ஆளில்லாத பக்கமாகக் கூட்டிப்போனோம். விலங்கைக் கழற்றிவிட்டேன். விலங்கு போட்டவன் எப்படித் தாக்குவான்? அவனுடைய மீன் கத்தியைத்தான் எடுத்து வந்திருந்தேன். முன்னனுபவம் இல்லாததால் என் இடது கையில் ஆழமாக இறங்கிவிட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் தலை சுற்றி மணலில் உட்கார்ந்துவிட்டேன். ஏட்டு தூரத்தில் ஜீப்பருகே நின்றிருந்தார்.

தேசிங்கு ஓடியிருக்கலாம். ஓடியிருந்தால் முழங்காலுக்குக் கீழேதான் சுட்டிருப்பேன். விதிமுறை அப்படி. ஆனால் அவன் தன் பூப்போட்ட சட்டையைக் கழற்றிக் கிழித்து, என் கையை இறுக்கிக் கட்டினான். மீன் வெட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் பழக்கம் போலிருக்கிறது.

"இன்னா சார், இப்டி கீசிக்கினியே? கைய மேல தூக்கு. கண்ண மூடாத, என்னையே பாரு. நான் புட்ச்சிக்கினு கீறேன்," என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னாத்துக்கு சார் இந்த வேல? வூட்ல எதுனா பேஜாரா?" என்று கேட்டான்.

நான் சாகப் பார்த்தேன் என்று நினைத்துவிட்டான். ஏட்டைப் பார்த்து, "ஏட்டய்யா, வண்டிய எடு, சாரு வெளுத்துப் போறாரு," என்று கத்தினான்.

அந்தக் கட்டு இல்லாவிட்டால் பிழைத்திருக்க மாட்டேன் என்று டாக்டர் பிறகு சொன்னார். ஏட்டு கட்டியது என்றேன். ஏட்டுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். பணியில் இருந்த ஏட்டுக்குப் பூப்போட்ட சட்டை ஏது என்று நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். அவனுடைய இரண்டு கைகளும் என் இடது கையைப் பிடித்திருந்தன. என் வலது கை சும்மா இருந்தது. இத்தனை வருஷ சர்வீசில் பிடிபட்டவர்கள் என்னைப் பயந்து பார்த்திருக்கிறார்கள், முறைத்தும் பார்த்திருக்கிறார்கள். இவன் எனக்காகக் கவலைப்பட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னும் ஒரு நிமிடம் அவன் அப்படியே பிடித்திருந்தால் அவனை விட்டிருப்பேன். சொல்லி வைத்த கட்டில், கிளம்பியிருந்த மேலதிகாரிகள், எல்லாருக்கும் நான் என்ன பதில் சொல்வது? இருபது வருஷமாக நான் யாராக இருந்தேனோ அந்த ஆள் அதோடு செத்திருப்பான். அந்தப் பயத்தில்தான் அவன் நெஞ்சில் வைத்துச் சுட்டேன். அதனால், தற்காப்புக்காகச் சுட்டேன் என்று எழுதிக் கொடுத்ததில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை ஐயா.