கிணற்றில் வந்த செம்பு

சிங்காநல்லூரில் கிளம்பிய பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த விவசாயி பக்கத்து வியாபாரியிடம் சொன்னார்: "எங்க சோளக்காட்டுல தண்ணிக்குக் கெணறு வெட்டுனோம், செம்புக்கல்லு வந்துச்சுங்க."

"அதெப்படிங்க?"

"கல்லுப் பார்க்கற ஆபீசர் சொன்னாருங்க. மக்னீசியம் மிகுந்த எரிமலைக் குழம்பு, வர்ற வழியில கந்தகத்தைக் கரைச்சுக்கிச்சாமுங்க. செம்பும் நிக்கலும் அந்தக் கந்தகத்தோட சேர்ந்து, தண்ணியில எண்ணெய் பிரியற மாதிரி சொட்டுச் சொட்டாப் பிரிஞ்சு, கனத்துல அடியில தங்கிருச்சாமா."

"அப்பக் கீழ போகப்போக நெறைய இருக்குமுங்க!"

"எந்தம்பியும் அதைத்தானுங்க சொன்னான். வேண்டாங் கண்ணுன்னாலும் கேக்காம எறங்கித் தோண்டுனான். பக்கச் சுவரு சரிஞ்சு மூடிப்போட்டுதுங்க. பொணத்தைக்கூட எடுக்க முடியல."

வியாபாரி உச்சுக்கொட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அந்தக் காடு வெலைக்கு வருமுங்களா?"

விவசாயி எழுந்து பின் சீட்டுக்குப் போனார்.