வடிகட்டிய வாய்க்கால்

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகும் காலை ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். பல்கலைக்கழகத்தில் இயற்கை வளப் பாதுகாப்பு படிக்கிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. என் காதில் இயர்போன் இருந்தது. பாட்டு எப்போதோ நின்றுவிட்டது.

ஜன்னலோரத்துப் பெண் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"வாய்க்கா தண்ணிய எங்க நைனா காய்ச்சி வடிகட்டி குடுத்துக்கிறாருடி."

"இன்னாது? இன்னிக்கு லேப்ல டெஸ்ட் பண்ணப்போற தண்ணியவா?"

"ஆமா. உங்க கம்பெனி பின்னால ஓடுற வாய்க்கால்ல ஒரு பாட்டில் புடிச்சிக்கினு வா நைனான்னேன். ஊட்டுக்கு எடுத்தாந்து அடுப்புல வெச்சி, வேட்டித் துணில வடிகட்டிட்டாரு. பாரு, பளபளன்னுக்குது."

"ஏனாம்?"

"தெளிவா இருந்தாதான் மார்க் போடுவாங்களாம்."

தோழி சிரித்துவிட்டுத் தன் பையிலிருந்து பச்சையாக ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினாள்.

"எங்க எளாவூரு குளம். பாசியோட அப்டியே மொண்டுக்கினு வந்தேன். பாவம்டி உங்க நைனா, சாம்பிள்னா இன்னான்னு அவருக்கு எப்டி தெரியும்?"

"அந்தக் கம்பெனி கழிவுத் தண்ணில பொல்யூஷன் போர்டுக்கு சாம்பிள் எடுத்துக் குடுக்கறதுதாண்டி அவரு வேல."

பொன்னேரியில் கூட்டம் ஏறியது. தோழி குரலைத் தாழ்த்தினாள்.

"அப்ப அங்கயும் இப்டித்தான் எடுக்குறாரா?"

"அதத்தான் நானும் கேட்டேன். நீ படிச்சி முடிக்கிற வரைக்கும் கேக்காதன்னாரு."