தங்கையின் கணினி

எனக்கு ஆங்கிலத்தில் நாலு வரி சேர்ந்தாற்போல் எழுத வராது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

நானும் தங்கையும் நடத்திய தொழிற்சாலையில் குளிர்அறைக் கதவுகளுக்கான பசை செய்தோம். கலவை அவள் கண்டுபிடித்தது. காய்ச்சும் சூடும் நேரமும் நான் பழகிப் பிடித்தது. செய்முறை வெளியே போகக் கூடாது என்று ஆளுக்குப் பாதி வைத்திருந்தோம். ஒருவர் பாதியை மற்றவர் கேட்பதில்லை. அந்த ஏற்பாடும் அவளுடையதே.

கம்பெனியை வாங்க வந்தவர்கள் பசையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு விளக்கம் கேட்டார்கள். தங்கை சாப்பிடப் போயிருந்தாள். கடவுச்சொல் அடிக்க ஒவ்வொரு தடவையும் பசை ஒட்டிய கையுறையைக் கழற்றி மாட்ட அலுத்து, அவள் கணினியைப் பூட்டுவதே இல்லை. கடிதம் மொழிபெயர்க்க அவள் வைத்திருந்த இலவச ஏஐ பக்கமும் திறந்தே கிடந்தது. கணினியில் அவள் எழுதி வைத்திருந்த பாதியைத் தேடி எடுத்து, என் பாதியையும் சேர்த்து அந்தப் பக்கத்தில் போட்டேன். அழகாக எழுதித் தந்தது.

விற்பனைக்கு முன் வாங்குபவர்களின் ஆட்கள் எல்லாக் கணினிகளையும் சோதித்தார்கள். முழுச் செய்முறையும் அந்த ஏஐ பக்கத்தில் அவள் கணக்கில் இருந்தது; ரகசியம் வெளியே போய்விட்டது என்றார்கள்.

"உன் பாதி எனக்குத் தெரியவே தெரியாதேண்ணா," என்றாள்.

"போன மாசம் நான்தானே சொன்னேன். நீ சரியாத் தூங்காம இருந்த. மறந்திருப்ப," என்றேன், எல்லோர் முன்னாலும், மெதுவாக.

ரகசியத்தைக் காப்பேன் என்று வாங்குபவர்களுக்கு எழுதிக் கொடுத்தவன் நான். அதைப் போட்டது நான்தான் என்று சொல்லியிருந்தால் விற்பனையே நின்றுபோயிருக்கும். அவள் வேலையும் பங்கும் இல்லாமல் வெளியேற வேண்டும் என்றார்கள். சரி என்றேன்.

குற்ற உணர்ச்சி இல்லாமல் இல்லை. அதனால்தான் அவளை நரம்பு மருத்துவரிடம் நானே அழைத்துப் போனேன். மறதி எப்போதிலிருந்து என்று அவர் கேட்டபோது அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு வருஷமாக என்று சொன்னேன். அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க இப்போதெல்லாம் தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறாளாம். தன் கைக்குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்டப் பயப்படுகிறாளாம்.

நேற்று வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னால உனக்குத்தான்ணா அவமானம். மன்னிச்சிடு."

அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. மன்னித்துவிட்டேன்.