ஐந்து பரிந்துரைக் கடிதங்கள்

பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்த யாரையும் நான் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. இசை ஆய்வுத் துறையில் முப்பது ஆண்டுகளாகப் பேராசிரியராக இருப்பவன். விசாரணைக் குழுவினரான நீங்களும் இதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

அவள் என் ஆய்வு உதவியாளர். துறையில் எல்லோரும் அவளைப் 'பாம்புச்செவி' என்பார்கள். பழைய ஒலிநாடாக்களைக் கேட்டு ஸ்வரக் குறிப்பு எழுதுவது அவள் வேலை. நாடா எவ்வளவு தேய்ந்திருந்தாலும் பாடகர் எங்கே மூச்சு வாங்கினார் என்பதுவரை சொல்லிவிடுவாள். எனக்கோ மேல்ஸ்தாயி சரியாகக் கேட்காமல் போய் எட்டு ஆண்டுகள் ஆகின்றன. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. காது போன இசை ஆய்வாளனை எவன் மதிப்பான்? அவள் போய்விட்டால் என் குட்டு ஒரே வாரத்தில் உடைந்துவிடும்.

முனைவர் பட்டப் படிப்புக்கு ஐந்து ஆண்டுகள் விண்ணப்பித்தாள். ஐந்து முறையும் கடிதம் கொடுத்தது நான்தான். கடிதத்தைப் பார்க்கமாட்டேன் என்று விண்ணப்பிப்பவர் கையெழுத்துப் போட வேண்டும்; அவளும் போட்டாள். நான் ஒரு வரிகூடக் குறை எழுதவில்லை. 'நேரத்துக்கு வருவார், பணிவானவர், சொன்ன வேலையைச் செய்வார்' என்று எழுதினேன். ஆய்வு செய்ய வருபவரைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல முடிந்தால் என்ன அர்த்தம் என்பது தேர்வுக் குழுக்களுக்குத் தெரியும்.

ஒவ்வொரு முறை மறுப்பு வந்ததும் என் அறைக்குத்தான் வருவாள்.

"எங்கிட்ட என்ன குறைன்னே தெரியல சார்."

"மனசு விட்டுடாதம்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

எனக்கு உண்மையாகவே வருத்தமாகத்தான் இருக்கும்.

இந்த ஆண்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேறொருவரிடம் கடிதம் வாங்கினாள். இடமும் கிடைத்துவிட்டது. அது எனக்கு வலித்தது. விண்ணப்பத்தோடு அவள் அனுப்பிய ஆய்வுக் குறிப்புகள் அப்படியே என் புத்தகத்தில் இருப்பவைதான் என்று அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். அதில் பொய் இல்லை. அவள் எழுதிய குறிப்புகளை என் பெயரில் நான்தானே அச்சிட்டிருந்தேன். திருடி என்ற பெயரோடு இடம் போயிற்று. இனி எந்தப் பல்கலைக்கழகமும் அவளைச் சேர்க்காது.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். போன வாரம் அவள் அண்ணன் வந்தார்.

"வீட்ல யாராவது பாட்டுப் போட்டாக்கூட எந்திரிச்சுப் போயிடுறா சார்."

அப்படிப்பட்ட காது வீணாகக் கூடாது. இன்னும் நாற்பது நாடாக்கள் பாக்கி. திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லுங்கள். என் மேல் அவளுக்குக் கோபம் இருக்காது.